ஏழாவது லாரி

ரீகாவிலிருந்து வந்த கடிதத்தை மூன்று முறை படித்தேன்.
சீரமைப்பு என்றது ஓரிடத்தில்.
காலத்தின் கட்டாயம் என்றது இன்னோரிடத்தில்.
பதினொரு பேர் என்று எங்குமே இல்லை.
கீழே என் பெயருக்கு இடம் விட்டு
ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு:
உருக்கமாக வாசிக்கவும், கண்கலங்க வேண்டாம்.

மார்ச் மாதம். வென்டா ஆற்றில்
பனிக்கட்டி இன்னும் உடையவில்லை.
ஆலையின் வெந்நீர்க் குளத்தில் மட்டும்
பிர்ச் மரங்கள் ஆவி விட்டுக் கிடந்தன.
ஊறிய மரம்தான் கிழியாமல் உரியும்.
காய்ந்ததை ஏற்றினால்
சில்லுசில்லாய்த் தெறிக்கும், கத்தியும் போகும்.
இருபத்திரண்டு வருடமாய்
புதிதாய் வருபவர்களுக்கு இதைச் சொல்லித்தான்
சம்பளம் வாங்கினேன்.
செய்தியை மட்டும்
மூன்று வாரம் அறைக்குள் வைத்துக் காயவிட்டேன்.

அந்த மூன்று வாரமும் பின்வாசல் வழியாகப் போனேன்.
பீட்ரூட் சூப் என் மேஜைக்கே வந்து ஆறிப்போனது.
கதவு தட்டப்பட்டால்
தொலைபேசியைக் காதில் வைத்துக்கொள்வேன்,
மறுமுனையில் யாரும் இல்லாமல்.

புதன் மதியம் இரண்டு மணி.
இரண்டு ஷிப்டும் நின்றது. ஒட்டுப்பலகை அடுக்கின் மேல்
ஏறி நின்றேன்.
முன்வரிசையில் ஸ்கைட்ரீதே
கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றிக்கொண்டிருந்தாள்.
"அன்பான சக பணியாளர்களே"
வரை வந்தது. சீரமைப்பில் நாக்கு ஒட்டிக்கொண்டது.
தாளை மடித்துப் பையில் வைத்தேன்.
கழிவுப் பலகை ஒன்றைச் சாய்த்து நிறுத்தி
தரம் குறிக்கும் சுண்ணக்கட்டியால் எழுதினேன்:

போன மார்ச், முப்பத்தொரு லாரி.
இந்த மார்ச், ஏழு.
கையில் காசு மே இருபது வரை.
ஏப்ரலிலிருந்து வாரம் நான்கு நாள், சம்பளத்தில் ஐந்தில் ஒன்று வெட்டு.
என் சம்பளத்தில் பாதி.
வெளியே போவது பதினொரு பேர்.
சுண்ணக்கட்டி அங்கேதான் உடைந்தது.
யார் யார் என்பதை வெள்ளிக்கிழமைக்குள்
நானே நேரில் வந்து சொல்வேன் என்றேன்.

"ஏழு இல்லை, ஆறு."
பின்னாலிருந்து இல்க்வார்ஸ். போர்க்லிப்ட் ஓட்டுபவர்.
"ஏழாவது லாரி திங்கட்கிழமை வெறுமனே திரும்பிப் போச்சு."
சட்டைப்பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட நோட்டு.
ஜனவரியிலிருந்து தேதி, லாரி எண், ஏறிய கட்டுகள்.
"இதெல்லாம் எங்களுக்குத் தெரியும், விஸ்மா.
தெரியாதது ஒன்றுதான்.
நீங்க ஏன் சாப்பிட வரலை?"

ஏழை அழித்து ஆறு என்று எழுதினேன்.
அதற்கு மேல் பதில் இல்லை.

ஆலை பழையபடி ஓடுமா என்றாள் ஸ்கைட்ரீதே.
தெரியாது என்றேன்.
உயரத்தில் நின்று அந்தச் சொல்லை
நான் சொன்னது அதுவே முதல் தடவை.
கூரை இடிந்து விழவில்லை.
ரைட்டிஸ், யூரோவில் வீட்டுக்கடன் வாங்கிய பையன்,
வாசல்வரை போய் திரும்பிக் கத்தினான்,
உன் பாதிச் சம்பளமே என் முழுச் சம்பளத்தைவிடப் பெரிசு என்று.
கணக்கு சரி. தலையாட்டினேன்.
அவன் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

வியாழன் இரவு பட்டியலைப் பத்து வரை எழுதிவிட்டு
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
ஆறு லாரிக்கு இரண்டு போர்க்லிப்ட் எதற்கு?
மற்றவனுக்கு மூன்று பிள்ளைகள்.

வெள்ளிக்கிழமை உணவுக்கூடத்தில்
சூப் தட்டோடு இல்க்வார்ஸின் எதிரே அமர்ந்தேன்.
வாயைத் திறப்பதற்குள்
ரொட்டியை இரண்டாகப் பிட்டு
ஒரு பாதியை என் பக்கம் நகர்த்தினார்.
"சூடா இருக்கும்போதே சொல்லிடுங்க."
சொன்னேன்.
சூப்பைக் குடித்து முடித்தார். வாயைத் துடைத்தார்.
நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.
"எண்ண ஒரு ஆள் வேணுமே."

பாதிப் பக்கம்வரை அவர் கையெழுத்து,
சின்னதாய், கோடு தாண்டாமல்.
அதன் கீழே என்னுடையது.
திங்கள். ஒரு லாரி. நாற்பது கட்டு.
செவ்வாய், இல்லை.